நாலு நாள் ஊறிய டாக்கோ

சமையல் என்பது கை வேலையே தவிர மூளை வேலை அல்ல என்று தண்ணி சார் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நின்றபடி உலகத்துக்கு அறிவித்தார். உலகம் என்பது அப்போது அவருடைய மனைவி மட்டும்தான். அவள் தையல் மெஷினில் ஒரு கவுனுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

தண்ணி சார் என்ற பெயரைப் பார்த்து யாரும் தப்புக்கணக்குப் போட வேண்டாம். மனிதர் காபிக்கு மேல் எதையும் தொட்டதில்லை. கட்டட வேலையில் சூப்பர்வைசர். தூணோ தளமோ, போட்ட காங்கிரீட்டை ஈரச் சாக்கால் சுற்றி நாள்கணக்கில் நனைத்தால்தான் பலம் ஏறும் என்பது அந்தத் தொழிலில் பாலபாடம். இவருக்கு அது மதம். காலையில் வந்தவுடன் "தண்ணி ஊத்தியாச்சா?" மத்தியானம் "தண்ணி ஊத்தியாச்சா?" கிளம்பும்போது "ராத்திரிக்குத் தண்ணி?" கேட்டுக் கேட்டு வேலையாட்கள் வைத்த பெயர் அது. கல்யாணப் பேச்சு நடந்த சமயத்தில் பெண்ணின் அண்ணன் விசாரிக்கப் போக, "தண்ணி சாரா? தங்கமான ஆளுங்க. மூணு வேளையும் தண்ணிதான்" என்று ஒரு கொத்தனார் நற்சான்று கொடுத்துவிட, கல்யாணம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

"இன்னைக்கு இன்ஜினியர் வீட்ல விருந்தும்மா. டாக்கோன்னு ஒண்ணு. மெக்சிகோ ஐட்டம். மக்காச்சோள ரொட்டி, அதுக்குள்ள ஊற வச்சுச் சுட்ட மாட்டுக்கறி, மேல கொஞ்சம் வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. மடிக்கிறாங்க, கொடுக்கிறாங்க. எட்டு சாப்பிட்டேன்."

"எட்டா?"

"சின்னதும்மா. உள்ளங்கை அளவு. இதுல என்ன வித்தை இருக்கு சொல்லு? இதுக்குப் போய் அவரு மனைவி காலைலேருந்து அடுப்படியில நின்னாங்களாம். நான்னா அரை மணி நேரம்."

"நீங்கன்னா?"

"நான்னா."

மெஷின் நின்றது. பதினான்கு வருட அனுபவத்தில், அந்த மெஷின் நிற்கும்போது தன் வாயும் நிற்பது நல்லது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் நமக்குக் கதை ஏது?

"அப்ப செஞ்சு காட்டுங்களேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்க அண்ணன் சாப்பிட வர்றாரு. அவருக்குச் செஞ்சு போடுங்க."

"செஞ்சு போட்டா என்ன தருவே?"

"சின்ன ரூமைத் தரேன்."

தண்ணி சார் இன்னொரு ஷூவைக் கழற்ற மறந்தார்.

சின்ன ரூம் என்பது அந்த வீட்டின் எல்லைத் தகராறு. இரண்டு வருடமாகத் தீராதது. உள்ளே அவர் வேலையிடங்களிலிருந்து கொண்டுவந்த டைல்ஸ் சாம்பிள்கள், பாதி காலியான பெயிண்ட் டப்பாக்கள், எந்தச் சுவருக்கும் சேராத ஒரு சன்னல் கதவு. அவற்றை ஒழித்துவிட்டு ஒரு சாய்வு நாற்காலி போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வாயைத் திறந்து தூங்க வேண்டும் என்பது அவர் கனவு. மனைவிக்கோ அங்கே மெஷினைப் போட வேண்டும். இப்போது அது சாப்பாட்டு மேஜைக்கும் சுவருக்கும் நடுவில் செருகிக் கிடக்கிறது. நீளமான துணியை இழுத்தால் முழங்கை சுவரில் இடிக்கும். போன மாதம் ரொட்டித் துண்டில் குண்டூசி வந்தது. தையல் கற்றுக்கொள்கிறோம் என்று வந்த மூன்று பெண்களை உட்காரவைக்க இடமில்லாமல் திருப்பி அனுப்பினாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ரெண்டு கண்டிஷன்" என்றாள். "அண்ணன் சாப்பிட்டுட்டு அவரா வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்லணும். அப்புறம், ஊற வைக்கிறதுலேருந்து மடிக்கிற வரைக்கும் எல்லாம் உங்க கையால செய்யணும். வேற கை பட்டா ரூம் எனக்கு."

"எழுதித் தரட்டுமா?"

"வேணாங்க. நீங்க சொன்னா சரி."

கரும்பு தின்னக் கூலியா என்று குதித்துக்கொண்டு போனார் மனிதர்.

புதன்கிழமை கறிக்கடையில், நல்ல நாரோடு பட்டையாக இருக்கும் விலாப்பக்கத்துச் சதையாகப் பார்த்து ஒன்றரைக் கிலோ வாங்கினார். வீட்டுக்கு வந்து கைபேசியில் ஒரு மெக்சிகோ அம்மாளின் வீடியோவைப் போட்டுக்கொண்டார். எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, நசுக்கிய பூண்டு, பச்சை மிளகாய், சீரகம், கொத்தமல்லி, எண்ணெய், உப்பு. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்த அம்மாள், "இரண்டு மணி நேரம் ஊறினால் போதும்" என்றாள்.

தண்ணி சார் வீடியோவை நிறுத்தினார்.

"ரெண்டு மணி நேரமா? ரெண்டு மணி நேரத்துல சிமெண்டே இறுகாது! இவங்க கையில ஒரு பாலத்தைக் கொடுத்தா என்ன ஆகறது?"

"என்னங்க அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல. தொழில் தெரியாத ஜனங்க."

அவர் கணக்கு நேர்க்கணக்கு. காங்கிரீட் ஏழு நாள் நனைந்தால் பாதிக்கு மேல் பலம். இருபத்தெட்டு நாளில் முழுப் பலம். ஞாயிற்றுக்கிழமைக்கு இருப்பதோ நாலே நாள். நாள் குறைகிறது என்றால் நனைப்பைக் கூட்ட வேண்டும். எனவே வீடியோவில் சொன்ன அளவைவிட மூன்று மடங்கு எலுமிச்சையைப் பிழிந்தார். கறியைப் பாத்திரத்தில் போட்டு மூடி, மேலே ஈரத்துணி சுற்றி, பிரிட்ஜின் அடித்தட்டில் இறக்கினார். துணியின் மேல் "புதன், மாலை 6.40" என்று ஒரு சீட்டும் குத்தினார். வேலையிடத்தில் தூணுக்குத் தூண் தேதி எழுதும் பழக்கம்.

அதோடு விட்டாரா? வியாழன் காலையில் நாலு எலுமிச்சை. வியாழன் மாலையில் நாலு. வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் பிரிட்ஜின் முன் குந்தி உட்கார்ந்து, துணியைப் பிரித்து, சாற்றை ஊற்றி, துணியைக் கட்டினார். மனைவி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம் போதுமா? வரும்போது இன்னும் பத்து வாங்கிட்டு வரட்டுமா?"

தண்ணி சார் கட்டிய முடிச்சை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரி இவ்வளவு பெருந்தன்மையாக இருந்து அவர் பார்த்ததில்லை.

"பன்னண்டா வாங்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்கு மனைவி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நூல் தீர்ந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு வந்துடறேன். நான் இங்க இருந்தா கை பட்டுதுன்னு சொல்லுவீங்க. பன்னெண்டரைக்கு அண்ணன் வந்துடுவாரு."

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் தண்ணி சார் பாத்திரத்தை வெளியே எடுத்தார். சீட்டைக் கிழித்தார். துணியைப் பிரித்தார். மூடியைத் திறந்தார். பார்த்தார். மூடியைப் போட்டார். மறுபடி திறந்தார்.

கறி சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓரமெல்லாம் நனைந்த அட்டை போலப் பிரிந்து கிடந்தது. விரலால் அழுத்தினார். விரல் மறுபக்கம் வந்தது. ஒரு துண்டைத் தூக்கப் பார்த்தார். பாதி கையோடு வந்தது, பாதி பாத்திரத்திலேயே இருந்துகொண்டது. நாலு நாள் எலுமிச்சைப் புளிப்பில் நார் நாராகக் கரைந்து, சுவரில் பூசும் பதத்துக்கு வந்திருந்தது. கொத்தனார் கரண்டி எடுத்துச் சுவரில் அடித்தால் நின்றிருக்கும்.

 சாய்வு நாற்காலி கண் முன்னால் மடங்கிக்கொண்டு போனது. கறிக்கடைக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அதே விலாப்பக்கத்துத் துண்டு ஒரு கிலோ உடனே வேணும்."

"அது நேத்தே தீர்ந்துபோச்சு சார். கடைசித் துண்டை உங்க வீட்டம்மாதான் வாங்கிட்டுப் போனாங்க."

"யாரு?"

"உங்க வீட்டம்மா. ஒன்றரைக் கிலோ. ஏன், பத்தலையா?"

தண்ணி சார் போனை வைத்துவிட்டு பிரிட்ஜைத் திறந்தார். உப்பைக் கேட்டால் உப்பு டப்பாவின் மேலேயே கையை வைத்துக்கொண்டு "எங்கம்மா இருக்கு?" என்று கேட்கிற மனிதர் அவர். ஆனால் அன்று தேடவே வேண்டியிருக்கவில்லை. நடுத்தட்டில், கண்ணுக்கு நேரே, சிவப்பு மூடி போட்ட டப்பா. திறந்தால் கறி! கொத்தமல்லியும் பூண்டுமாகப் பச்சைப் பசேலென்று, தொட்டால் விரலைத் திருப்பித் தள்ளுகிற திடமான கறி. காலையில் ஊற வைத்திருக்கிறாள்.

இப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. "அடிப்பாவி! நான் கோட்டை விட்டதும், 'அண்ணா, நீங்க பசியோட போகக்கூடாதுன்னு நானும் கொஞ்சம் செஞ்சேன்'னு சொல்லி இதைக் கொண்டுவந்து வைப்பா. மச்சான் முன்னாடி என் மானம் கப்பலேறும். அதுதானே திட்டம்?"

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். நல்ல கறி அவர் பாத்திரத்துக்கு வந்தது. அவருடைய பூச்சுக் கலவை சிவப்பு மூடி டப்பாவுக்குப் போனது. மனசாட்சி லேசாக முனகியது. 'கறியைத்தானே மாற்றினேன், சமைக்கப்போவது நான்தானே' என்று அதன் வாயை அடைத்தார். டப்பாவை அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக மனைவியை ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததையெல்லாம் நியாயமாகப் பாராட்டத்தான் வேண்டும். மக்காச்சோள மாவைப் பிசைந்து உருட்டி, சின்ன ரூமிலிருந்து இரண்டு டைல்ஸை எடுத்துக் கழுவி, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் உருண்டையை வைத்து மேலே ஒரு அமுக்கு அமுக்கினார். ரொட்டி வட்டமாக வந்தது. ஓரம் கொஞ்சம் பிசகியதைப் பைப் துண்டால் வெட்டிச் சரிசெய்து, கல்லில் சுட்டு அடுக்கினார். இரும்புச் சட்டி புகையும் வரை காயவிட்டு, கறியைப் போட்டு, ஒரு பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம். புகை படுக்கையறை வரை போனது. எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் குறுக்கே நறுக்கினார்.

பன்னிரண்டரைக்கு மனைவியும் அவள் அண்ணனும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். வழியில் பார்த்துக்கொண்டார்களாம்.

மச்சான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருபது வருடமாகப் புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததால், எங்கே உட்கார்ந்தாலும், எதிரில் ஏதாவது எக்குத்தப்பாகப் போனால் அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். வீட்டுத் தரையிலும் மிதிக்கும்.

தண்ணி சார் முதல் டாக்கோவை மடித்துத் தட்டில் வைத்தார். எலுமிச்சையை மச்சானே பிழிந்துகொண்டார். கடித்தார். மென்றார். தண்ணி சார் அவர் வாயைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் வலது காலைப் பார்த்தார். கால் அசையவில்லை.

இரண்டாவது போனது. மூன்றாவது போனது. ஐந்தாவதில் மச்சான் பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தினார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மச்சான்."

"நல்லா இருக்கு."

தண்ணி சார் எழுந்து நின்றுவிட்டார். "கேட்டியா? கேட்டியா? அவரா வாயைத் திறந்து சொன்னாரு!"

"கேட்டேங்க" என்றாள் மனைவி. நாலாவது டாக்கோவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரூம் உங்களுக்குத்தான்."

"சமையல்ங்கறது பொறுமை மச்சான். சும்மா ரெண்டு மணி நேரம் ஊற வச்சா ஆச்சா? நாலு நாள்! காலையும் மாலையும் எலுமிச்சைச் சாறு. அப்பதான் கறிக்குப் பலம் வரும்."

மேஜைக்கு அடியில் வலது கால் இரண்டு தடவை பிரேக்கை மிதித்தது. தண்ணி சார் கவனிக்கவில்லை. வெற்றி கண்ணை மறைத்தது.

"மாப்பிள்ளை, நல்ல சமயத்துல சொன்னீங்க. வர்ற சனிக்கிழமை எங்க ஸ்கூலுக்கு இருபதாவது வருஷம். ஸ்டாஃப் எல்லாருக்கும் விருந்து. நாப்பது பேர். என்ன போடறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு. இதே டாக்கோ. இதே கைப்பக்குவம். நீங்கதான் செய்யறீங்க."

"நாப்பது பேரா?"

"ஆளுக்கு எட்டு வச்சுக்குங்க."

"மச்சான், அது வந்து, எனக்கு சனிக்கிழமை தளம் போடற வேலை..."

"லீவு சொல்லிடுவாரு அண்ணா" என்றாள் மனைவி. "உங்களுக்கில்லாததா? ஆனா இன்னைக்கே ஊற வைக்கணுமே. நாளு கூடக் கூடத்தானே பலம். இல்லைங்களா?"

"ஆ... ஆமா."

"சனிக்கிழமைன்னா ஆறு நாள் ஊறும். இன்னும் பிரமாதமா இருக்கும்."

மச்சான் அதற்குள் கைபேசியைக் காதில் வைத்துவிட்டார். "ஹலோ, நான்தான். சாப்பாட்டுக் கவலை விட்டுது. நம்ம மாப்பிள்ளையே செய்யறாரு. நாலு நாள் ஊற வச்சுச் செய்யற ஆளு! பதினஞ்சு கிலோ கறிக்கு இன்னைக்கே சொல்லிடு. எலுமிச்சை ஒரு மூட்டை. ஆமா, மூட்டை."

தண்ணி சார் மனக்கண்ணில் பதினைந்து கிலோ பூச்சுக் கலவையைப் பார்த்தார். நாற்பது பேர் தட்டோடு வரிசையில் நிற்பதைப் பார்த்தார். நாற்பது வலது கால்கள் ஒரே சமயத்தில் பிரேக்கை மிதிப்பதைப் பார்த்தார். 

"போனை வைங்க மச்சான்!"

"ஏன் மாப்பிள்ளை?"

"வைங்கன்னா வைங்க! அது நான் ஊற வச்ச கறி இல்ல!"

 மச்சான் போனை மெதுவாக மேஜையில் வைத்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப யாரு ஊற வச்சது?"

"நீதான்."

"எப்ப?"

"காலைல. சிவப்பு மூடி டப்பால. நான் வச்சது கூழாப் போச்சும்மா. ரெண்டையும் மாத்திட்டேன்."

"அப்ப வேற கை பட்டிருக்கு."

"பட்டிருக்கு."

"ரூம் யாருக்கு?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தண்ணி சார் வாயை ஒரு தடவை திறந்து, ஒரு தடவை மூடி, மறுபடி திறந்து, "உனக்கு" என்றார். சொன்னபோது நிஜமாகவே அழுகை வந்தது. சனிக்கிழமையிடமிருந்து தப்பித்தோம் என்ற நிம்மதியும் அதோடு சேர்ந்தே வந்தது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை நீங்க துணியைப் பிரிச்சப்பவே அது பிசுபிசுன்னு ஆகிட்டிருந்தது. அதான் சனிக்கிழமை போய் வாங்கிட்டு வந்தேன். உங்க கண்ணுக்கு எதுவும் படாதேன்னு சிவப்பு மூடியாப் பார்த்துப் போட்டு, நடுத்தட்டுல வச்சுட்டுப் போனேன்."

"தெரிஞ்சும் ஏன் நல்ல கறியை வாங்கி வச்சே? சும்மா விட்டிருந்தாலே நான் தோத்திருப்பேனே!"

"தோத்திருந்தா ஒத்துக்குவீங்களா? கறி சரியில்ல, சட்டி சரியில்ல, எலுமிச்சை அளவு பத்தலைன்னு அடுத்த ஞாயிறுக்கு வாய்தா கேட்டிருப்பீங்க. ரெண்டு வருஷம் ஆச்சுங்க. உங்க வாயாலயே வரணும்னு இருந்தேன்."

 அதற்குப் பதில் யோசிக்க அவருக்கு நேரமில்லை. மச்சான் முழுக்கைச் சட்டையை மடித்து விட்டுக்கொண்டு தையல் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டார். மறுபக்கத்தை மனைவி பிடித்தாள். பெயிண்ட் டப்பாக்களையும் சன்னல் கதவையும் வெளியே எடுத்து வைக்கும் பொறுப்பு, தோற்றவர் என்ற முறையில், தண்ணி சாருக்கு வந்தது. மூன்று நடையில் எடுத்து வைத்தார். சாய்வு நாற்காலிக்கு என்று மனதில் அளந்து வைத்திருந்த மூலையில் மெஷின் உட்காரப் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இருந்தாலும் ஆண்பிள்ளை அல்லவா? மீசையில் ஒட்டிய மண்ணையாவது தட்டிவிட வேண்டாமா?

"சரி, ரூம் போனது போகட்டும்" என்றார் இடுப்பில் கை வைத்து. "ஆனா ஒண்ணு. ஊற வச்சது அவதான்னு தெரிஞ்சுபோச்சு இல்ல? அந்த நாப்பது பேருக்கும் அவளே சமைக்கட்டும். நான் ஒரு வெங்காயம்கூட உரிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

மெஷினைத் தூக்கிக்கொண்டு சின்ன ரூம் வாசலில் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டிருந்த மச்சான் நின்றார்.

"எந்த நாப்பது பேர் மாப்பிள்ளை? எங்க ஸ்கூல்ல நானும் ஒரு காரும்தானே?"